மஞ்சள் குழாயைத் தேடி

பாரிஸில் ராம்புட்டோ மெட்ரோ நிலையத்தில் இறங்குகிறவர்கள் போம்பிடு மையத்தின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு முன்பக்கச் சதுக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் கண்ணாடிக் குழலுக்குள் எஸ்கலேட்டர் மாடி மாடியாக ஏறுகிறது. படம் வரைகிறவர்கள், வித்தை காட்டுகிறவர்கள், புறாக்கள் எல்லாம் அங்கேதான். அண்ணாச்சியும் நானும் பின்பக்கத்திலேயே நின்றுவிட்டோம். ரூ து ரெனார் என்கிற அந்தத் தெருவில் பஸ்ஸும் லாரியும் போகின்றன, ஒரு காபிக்கடைகூட ஒழுங்காக இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.

அண்ணாச்சி ஏசி கன்சல்டன்ட். திருநெல்வேலிக்காரர், சென்னைக்கு வந்து பாதி ஆயுள் கழிந்தும் பேச்சு மாறாதவர். நான் எலெக்ட்ரிக்கல் டிசைன். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற ஓரடி இடத்துக்காக வருஷம் முழுக்க அடித்துக்கொள்கிற இரண்டு கட்சிகள் ஒன்றாக ஐரோப்பா கிளம்பியது எங்கள் வீட்டாருக்கே ஆச்சரியம். தொழில் கண்காட்சி ஒன்றுக்குப் போன இடத்தில், இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்பினால் எப்படி என்று அவர்தான் ஆரம்பித்தார். 2025 கோடைக்காலம். செப்டம்பரில் போம்பிடுவை மூடப்போகிறார்கள், ஆஸ்பெஸ்டாஸை அகற்றிப் புதுப்பித்து 2030இல்தான் திறப்பார்கள் என்று செய்தி வந்திருந்தது. அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பு மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. ஓவியங்கள் போனதைப் பற்றி எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. நாங்கள் பார்க்க வந்தது சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

தெரியாதவர்களுக்காக: சாதாரணக் கட்டிடத்தில் மூடி மறைக்கிற அத்தனையையும் இந்தக் கட்டிடம் வெளியே எடுத்துப் போட்டு, வண்ணமும் அடித்து வைத்திருக்கிறது. நீலம் காற்று. பச்சை தண்ணீர். மஞ்சள் மின்சாரம். சிவப்பு ஆள் நடமாட்டம், அதாவது லிஃப்ட், எஸ்கலேட்டர் வகையறா. 1971இல் நடந்த போட்டிக்கு 681 வடிவமைப்புகள் வந்தன. அதில் ஜெயித்தவர்கள் ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ரோஜர்ஸ், ஜான்ஃப்ராங்கோ ஃப்ராங்கினி. பியானோவும் ரோஜர்ஸும் அப்போது முப்பதுகளில் இருந்த, பெரிதாக எதையும் கட்டியிராத ஆட்கள். கூடவே ஓவ் அரூப் நிறுவனத்துப் பொறியாளர்கள். 1977 ஜனவரி 31இல் திறந்தபோது பாரிஸ்காரர்கள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று திட்டினார்கள். திட்டினவர்கள் கண்ணில் பட்டது நீலம்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் எது கண்ணில் பட்டாலும் நீலமாகத்தான் இருக்கிறது. ஆள் நுழைந்து நடக்கிற அளவு டக்ட்டுகள், தரையிலிருந்து கூரை வரைக்கும் வரிசையாக.

அண்ணாச்சி தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"என்னவே, உம்ம மஞ்சள் எங்க கெடக்கு?"

தேடினேன். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில், இரும்புச் சட்டங்களுக்குப் பின்னால், ஒல்லியாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அத்தனை பெரிய கட்டிடத்துக்கும் உயிர் கொடுக்கிற சரக்கு அதற்குள்தான் போகிறது. அதைச் சொன்னேன். "உயிர் கொடுக்குதது சரி. எடம் கேக்கலயே. எடம் கேக்கிறவனுக்குத்தான் எடம்" என்றார்.

அண்ணாச்சி கேலியாகத்தான் சொன்னார், ஆனால் எங்கள் துறையின் முழு வரலாறும் அதில் இருக்கிறது. ஒரு கட்டிடத்துக்குள் போகிற குழாய்களில் வளையத் தெரியாதவை உண்டு, வளையத் தெரிந்தவை உண்டு. கழிவுநீர்க் குழாய் வளையாது. அது சாய்ந்துதான் போக வேண்டும், நூறுக்கு ஒன்று என்று சரிவு வைத்தாலும் 20 மீட்டர் ஓடினால் 20 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். பூமியின் ஈர்ப்போடு யாரும் பேரம் பேச முடியாது. அதனால் முதல் மரியாதை அதற்கு. அடுத்தது ஏசி டக்ட். வளையும், ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் காற்றழுத்தத்தில் விலை கேட்கும், உடம்பும் பெரிசு. பிறகு தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய், பிறகு குளிர்நீர்க் குழாய். கடைசியில் கேபிள்களைத் தாங்கிப் போகிற கேபிள் டிரே. கேபிள் எங்கும் நுழையும், மேலே ஏறும், கீழே இறங்கும், பீமைச் சுற்றிக்கொண்டு போகும். இந்த வரிசையை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எந்த ஊர் கோஆர்டினேஷன் மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்: "எலெக்ட்ரிக்கல்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்."

அட்ஜஸ்ட் பண்ணலாம்தான். எவ்வளவு என்பதில்தான் வம்பு.

உள்ளே போனோம். மாடிகளில் நடுவே ஒரு தூண் கிடையாது. சுமார் 48 மீட்டர் அகலத்துக்குத் தரை விரிந்து கிடக்கிறது. அதற்காகத்தான் இந்தக் குழாய்களை வெளியே தள்ளினார்கள். கண்காட்சிக்கு ஏற்றபடி உள்ளே சுவரை நகர்த்தலாம், எதையும் எங்கும் வைக்கலாம், நடுவில் ஷாஃப்ட் என்று ஒன்று குறுக்கே நிற்காது. பிரமாண்டமான எஃகு உத்தரங்களின் முனையில் கெர்பெரெட் என்கிற வார்ப்பு எஃகுக் கைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 டன். அந்தக் கை தூணுக்கு வெளியே நீண்டு நிற்கிற இடைவெளியில்தான் முன்பக்கம் எஸ்கலேட்டரும் பின்பக்கம் எங்கள் குழாய்களும் வாழ்கின்றன. அதாவது ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் முதல் கோடு போடும்போதே குழாய்க்காரனுக்கும் கேபிள்காரனுக்கும் ஒரு பட்டையை ஒதுக்கி வைத்துவிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நம் ஊரில் எங்களைக் கூப்பிடும்போது பீமின் ஆழம் முடிவாகியிருக்கும், மாடி உயரம் கார்ப்பரேஷனுக்குப் போயிருக்கும், பேஸ்மென்ட் கார் நிறுத்த எண்ணிக்கை விற்பனைப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அறையை எங்கே வைக்கலாம் என்று அதற்குப் பிறகு கேட்பார்கள்.

போம்பிடுவை முழுக்கப் புகழவும் மனசு வரவில்லை. வெளியே இருக்கிற குழாய் வெயிலிலும் மழையிலும் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும், வண்ணம் உதிரும். இருபது வருஷத்தில் ஒரு பெரிய மராமத்துக்காக மூடி, 2000ஆம் ஆண்டுப் பிறப்பில் திறந்தார்கள். இதோ மறுபடியும் மூடல். எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரிய வைத்தால் பராமரிப்பு சுலபம் என்ற வாதம் பாதிதான் உண்மை. கைக்கு எட்டும், ஆனால் அடிக்கடி எட்ட வேண்டியும் இருக்கும்.

லா ஷபெல்லில் யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றில் சாப்பிட்டுவிட்டு, கார் து நோரிலிருந்து லண்டனுக்கு யூரோஸ்டார். ரயில் கிளம்பியதும் அண்ணாச்சி ஒரு பேப்பர் நாப்கினை விரித்து எங்கள் சொந்தச் சண்டை ஒன்றை மறுபடி எடுத்தார். தமிழ்நாட்டில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிற ஓர் ஆஸ்பத்திரி. மாடிக்கு மாடி உயரம் 3.6 மீட்டர். பீம் 600 மில்லிமீட்டர். ஆர்க்கிடெக்ட் கேட்கிற சீலிங் உயரம் 2.7 மீட்டர். கணக்குப் போட்டால் பீமுக்குக் கீழே 300 மில்லிமீட்டர். சீலிங் சட்டத்துக்கும் அதற்குள் புதைகிற லைட்டுக்கும் 100 போனால் மிச்சம் 200. அதற்குள் அவருடைய டக்ட், டக்ட்டின் மேல் இன்சுலேஷன், தீயணைப்புக் குழாய், மருத்துவ வாயுக் குழாய்கள், என் டிரே. அவர் டக்ட்டைத் தட்டையாக்கி அகலமாக்கினார். அகலமானதும் என் டிரே போக வேண்டிய இடம் போயிற்று. டிரேயை டக்ட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் லைட் இடிக்கிறது. மேலே கொண்டுபோனால் பிற்பாடு ஒரு கேபிளை மாற்றக் கை நுழையாது.

"பிம் மாடல்ல ஒரு சிவப்புப் புள்ளி இல்லையே, பிறகு என்ன?" என்றார்.

இது இப்போது எல்லோரும் சொல்கிற பதில். முப்பரிமாண மாடல் போட்டு எல்லாத் துறையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மோதுகிற இடத்தைச் சாஃப்ட்வேர் சிவப்பாகக் காட்டும். நல்ல வசதிதான். முன்பெல்லாம் டிரேசிங் பேப்பர்களை லைட் டேபிளில் அடுக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டோம். ஆனால் அந்தச் சாஃப்ட்வேருக்கு இரும்பும் இரும்பும் இடித்தால்தான் மோதல். மின்பேனலுக்கு நேர் மேலே தண்ணீர்க் குழாயின் இணைப்பு வந்தால் அதற்கு அது மோதலே இல்லை, நடுவில் அரை மீட்டர் காலி இருக்கிறது. பேனல் கதவு முழுசாகத் திறக்குமா, திறந்தபின் ஆள் நிற்க இடம் இருக்கிறதா என்று யாராவது விதியாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது கேட்காது.

இந்தியாவின் பழைய மின்சார விதிகள், 1956இல் வந்தவை, இதில் அழகான ஒரு வரி வைத்திருந்தன. புதிய ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. ஸ்விட்ச்போர்டுக்கு முன்னால் குறைந்தது 1 மீட்டர் காலி இடம் வேண்டும். பின்பக்கத்தில் திறந்த இணைப்புகள் இருந்தால், சுவருக்கும் போர்டுக்கும் இடையே இடைவெளி 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் இருக்கவே கூடாது. முதல் தடவை படிக்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். 20க்குள் என்றால் ஆள் நுழையவே முடியாது. 75க்கு மேல் என்றால் நுழைந்து, வேலை பார்த்து, ஏதாவது ஆனால் ஓடி வந்துவிடலாம். 40, 50 என்று வைத்தால்தான் ஆபத்து. ஒருக்களித்து நுழைவான், நுழைந்தவன் திரும்ப முடியாது. அந்த வரியை எழுதியவர் எழுதுகிற நேரத்தில் பேனலுக்குப் பின்னால் நிற்கிற ஒரு மனிதனை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஆர்க்கிடெக்ட் அந்த அறையில் 15 சென்டிமீட்டர் சுருக்குகிறார் என்றால் சுருங்குவது எது என்று அவருக்கு யாரோ சொல்லியாக வேண்டும். சொல்கிற வேலை என்னுடையது.

லண்டனில் மழை. லைம் தெருவில் லாய்ட்ஸ் கட்டிடத்தை வெளியிலிருந்து மட்டும்தான் பார்க்க முடிந்தது, அது காப்பீட்டுச் சந்தை, சுற்றுலாத் தலமல்ல. அதே ரோஜர்ஸ், அதே அரூப், 1986இல் முடிந்தது. இங்கே குழாய்களுக்கு வண்ணம் கிடையாது. எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, மழையில் நனைந்து மின்னிக்கொண்டிருந்தது. நடுக் கட்டிடத்தைச் சுற்றி ஆறு கோபுரங்கள் ஒட்டி நிற்கின்றன. லிஃப்ட், படிக்கட்டு, கழிவறை, குழாய், இயந்திர அறை எல்லாம் அவற்றில். ரோஜர்ஸின் கணக்கு எளிமையானது. கான்கிரீட்டுக்கு ஆயுள் அதிகம், குழாய்க்கும் கேபிளுக்கும் இயந்திரத்துக்கும் ஆயுள் குறைவு, ஆகவே சீக்கிரம் சாகிறதை எளிதில் கழற்றுகிற இடத்தில் வை. உச்சியில் பராமரிப்புக் கிரேன்களை நீல வண்ணத்தில் நிரந்தரமாகவே நிறுத்திவிட்டார்கள். 2011இல் பிரிட்டன் இதை முதல் தரப் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவித்துவிட்டது. இஷ்டப்படி கழற்றி மாட்டலாம் என்று கட்டியதற்கு, அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்று முத்திரை!

ஆனால் லாய்ட்ஸில் எனக்குப் பிடித்தது வெளியே தெரிகிற எதுவுமில்லை. உள்ளே சீலிங்கில் இருக்கிற விளக்குதான். படத்தில் பார்த்திருக்கிறேன், வரைபடத்தில் படித்திருக்கிறேன். கான்கிரீட் உத்தரங்கள் கட்டம் கட்டமாக ஓடுகிற கூரையில், கட்டத்துக்கு ஒன்றாக வட்டமான விளக்குப் பொருத்திகள். அறைக்குள்ளிருந்து வெளியேறுகிற காற்று அந்த விளக்கு வழியாகத்தான் உறிஞ்சப்படுகிறது. அந்தக் காலத்து ஃப்ளோரசன்ட் விளக்கு சூடானால் வெளிச்சம் குறையும். காற்று அதைத் தாண்டிப் போகும்போது விளக்கின் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்தச் சூடு அறைக்குள் இறங்காததால் ஏசிக்குச் சுமை குறைவு. விளக்கு குளிர்ந்து எரிவதால் எனக்கு வெளிச்சம் கூட. அந்த வெதுவெதுப்பான காற்றை அப்படியே வெளியே விட்டுவிடவும் இல்லை, ஜன்னல் கண்ணாடிகளின் இடைவெளிக்குள் செலுத்துகிறார்கள். லண்டன் குளிரில் ஜன்னலோரம் உட்கார்கிறவருக்குக் கண்ணாடி சில்லென்று இராது. சீலிங்கில் ஒரே ஓட்டை, அதில் மின்சாரக்காரன், ஏசிக்காரன், கண்ணாடிக்காரன் மூன்று பேருக்கும் வேலை.

இதை நடைபாதையில் குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சிக்கு விளக்கினேன். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "இத நாம பண்ணணும்னா முதல் நாளே ஒரு மேசையில உக்காரணும். நமக்கு டிராயிங் ஈமெயில்லதான வருது" என்றார். லெடன்ஹால் மார்க்கெட்டுக்குள் ஒதுங்கி டீ குடித்தோம். விலையைச் சொன்னால் வயிறு எரியும்.

லண்டனிலிருந்து பெர்லினுக்கு விமானம். எங்கள் துறையில் பெர்லின் என்றால் ஒரே ஒரு கட்டிடம்தான் ஞாபகத்துக்கு வரும், விமானமும் அதில்தான் போய் இறங்குகிறது. வில்லி பிராண்ட் பெயரில் இருக்கிற பிராண்டன்பர்க் விமான நிலையம். வேலை தொடங்கியது 2006. திறப்பு விழா 2012 ஜூன் 3 என்று நாள் குறித்து அழைப்பிதழ் எல்லாம் தயார். மே 8ஆம் தேதி, நான்கு வாரத்துக்கும் குறைவான நேரத்தில், விழா ரத்து. உண்மையில் திறந்தது 2020 அக்டோபர் 31. சுமார் 200 கோடி யூரோவில் முடிய வேண்டியது 600 கோடியைத் தாண்டியது. ஓடுபாதை சரியாகத்தான் இருந்தது, சுவர் சரியாகத்தான் நின்றது, கூரை ஒழுகவில்லை. நிறுத்தியது புகை.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே போகாமல் மேலே செக்-இன் கூடத்துக்கு ஏறினோம். நல்ல கூடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜூரா சுண்ணாம்புக்கல் தரை, வால்நட் மரப்பலகை ஒட்டிய கவுண்டர்கள், மேலே சிவப்பு உலோக வலையில் பே வைட் செய்த பறக்கும் கம்பளம் தொங்குகிறது. சுத்தமான கூரை. எங்கும் ஒரு குழாய் தெரியாது. போம்பிடுவிலிருந்து நேரே வந்த கண்ணுக்கு அந்தச் சுத்தம் கொஞ்சம் உறுத்தியது.

புகை மேலே போகும். அடுப்படியில் நின்ற யாருக்கும் தெரியும். கூரையில் புகைபோக்கிகள் துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது என்ற விருப்பத்தில், இந்த நிலையத்தின் ஒரு பெரும்பகுதியில் புகையைக் கீழ்நோக்கி இழுத்துத் தரைக்கு அடியில் ஓடுகிற டக்ட்டுகள் வழியாக வெளியேற்ற ஏற்பாடு செய்திருந்தார்கள். முடியாததல்ல, ராட்சச விசிறி வேண்டும். அந்த அமைப்புக்கு வேலையாட்கள் வைத்த பெயரே ராட்சசன்தான். ஆனால் விசிறி தனியாகச் சுற்றாது. எந்த இடத்தில் புகை உணரி கூவுகிறதோ அதற்கேற்ப எந்த விசிறி ஓட வேண்டும், டக்ட்டுக்குள் காற்றை மறிக்கிற எந்த டாம்பர் திறக்க வேண்டும், எது மூட வேண்டும், எந்தக் கதவு பூட்டவிழ வேண்டும், எந்த ஜன்னலிலிருந்து புதுக் காற்று வர வேண்டும், ஸ்பிரிங்க்ளர் பம்பு எப்போது கிளம்ப வேண்டும் என்று ஒரு பெரிய அட்டவணை உண்டு. அதை எழுதுவது ஒருவர், கம்பி இழுப்பது இன்னொருவர், விசிறி வாங்குவது மூன்றாமவர், கதவு போடுவது நாலாமவர். எல்லோருடைய வேலையும் ஒரு மின்கேபிளில் போய் முடிகிறது. தீப்பிடித்து மற்ற மின்சாரமெல்லாம் போன பிறகும் அந்தக் கேபிளில் மட்டும் மின்சாரம் இருக்க வேண்டும், கேபிளும் தீயில் கருகாமல் தாக்குப்பிடிக்க வேண்டும்.

கட்டிக்கொண்டிருக்கும்போதே நிலையத்தைப் பெரிதாக்கினார்கள், கடைகளைக் கூட்டினார்கள். கடை கூடினால் ஆள் கூடும், குளிரூட்டல் கூடும், புகைக் கணக்கு மாறும், மின்சுமை ஏறும், கேபிள் தடிக்கும். டிரே மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தது. அளவுக்கு மீறி நிரம்பிய டிரேக்கள், ஒன்றாகக் கலந்து கிடந்த வெவ்வேறு வகைக் கேபிள்கள் என்று பிறகு பத்திரிகைகள் எழுதியபோது வெளியாட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேபிள் எங்கும் நுழையும் என்கிற அதே குணம்தான் இங்கே வினையானது. குழாயில் இடமில்லையென்றால் இல்லைதான். டிரேயில் எப்போதும் இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கும். ஆனால் மின்சாரம் போகிற கேபிள் சூடாகும், பக்கத்துக் கேபிள் அதன் சூட்டை வெளியே விடாது. ஒன்பது சுற்றுகளை ஒரு கட்டாகச் சேர்த்தால், தனியாக இருந்தால் தாங்குகிற மின்னோட்டத்தில் பாதியைத்தான் ஒவ்வொன்றும் தாங்கும் என்று சர்வதேசத் தர அட்டவணை சொல்கிறது. மாடலில் எந்தச் சிவப்புப் புள்ளியும் இல்லாமலே ஒரு டிரே பாதிப் பலம் இழந்துவிடலாம்.

2012இல் விழாவைக் காப்பாற்ற ஒரு யோசனை சொன்னார்களாம். தானியங்கி வேலை செய்யாவிட்டால் என்ன, நூற்றுக்கணக்கான ஆட்களைக் கதவுகளில் நிறுத்துவோம், தீ என்றால் ஃபோனில் சொல்லிக் கதவைத் திறப்பார்கள் என்று. அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வடிவமைப்புக் குழுவையே நீக்கினார்கள். எந்தக் கம்பி எங்கே ஏன் போகிறது என்று தெரிந்தவர்கள் அவர்களோடு வெளியே போனார்கள். என் பார்வையில் முதல் தவறைவிட இது பெரியது. 2013இல் விளக்குகளை அணைக்க முடியவில்லை என்று நிர்வாகமே சொன்னது, கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அளவுக்குத் தயாராகவில்லை. யாருமில்லாத நிலையம் இரவு பகலாக எரிந்தது. கீழே ரயில் நிலையம் 2011இலேயே தயார், பயணிகள் இல்லை; காற்று தேங்கிப் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காலி ரயிலை ஓட்டினார்கள். தகவல் திரைகள் 750ஐ, யாரும் பார்க்காமலேயே வருஷக்கணக்கில் எரிந்து ஆயுள் முடிந்ததால், 2018இல் மாற்றினார்கள்.

அண்ணாச்சிக்கு இதிலெல்லாம் ஒரு விஷயம்தான் தொண்டையில் சிக்கியது: ராவல் பிளக். 2019 வாக்கில், எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் வந்த பிரச்சினை. அவசர மின்சாரக் கேபிள்கள் தீயைத் தாங்குகிற ரகம், விலை அதிகம். அவற்றின் தாங்கிகளைச் சுவரில் பிடித்திருந்த ஆயிரக்கணக்கான பிளக்குகள் பிளாஸ்டிக். தீக்கு அவை அங்கீகரிக்கப்பட்டவையா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். கேபிள் தீயைத் தாங்கும், அதைத் தாங்குகிறது உருகிவிட்டால்?

"நம்ம சைட்ல அத யாரு பாக்கா?" என்று கேட்டார்.

பதில் சொல்லத் தெரியும். கேபிள் என் கணக்கில், தாங்கி கான்ட்ராக்டர் கணக்கில், சுவர் சிவில் கணக்கில், பிளக் யார் கணக்கிலும் இல்லை. கோஆர்டினேஷன் என்று நாங்கள் மீட்டிங் போடுவது மூன்று டிராயிங்குகளில் மூன்று தரம் இருக்கிற சாமானுக்காக. ஒரு டிராயிங்கிலும் இல்லாத சாமானுக்கு யார் மீட்டிங் போடுவது?

கடைசியில் பெர்லின்காரர்கள் செய்தது நாடகமில்லாத வேலை. ராட்சசனை மூன்றாகப் பிரித்தார்கள், கொஞ்சம் புகையை மேல்வழியாகவே போகவிட்டார்கள், கேபிள்களைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்றினார்கள். அதற்கு எட்டு வருஷம். திறந்தபோது கொரோனாக் காலம், பறக்க ஆளில்லை. பக்கத்தில் கட்டி முடித்த இரண்டாவது முனையம் 2022 வரை பூட்டிக் கிடந்தது.

ஊர் திரும்புகிற அன்று அதே கூடத்தில் வரிசையில் நின்றோம். ஸ்பிரிங்க்ளர் தலை, புகை உணரி, ஒலிபெருக்கி, விளக்கு எல்லாம் கூரையில் ஒரே கோட்டில் நின்றன. அந்தக் கோட்டுக்காகவும் யாரோ சண்டை போட்டிருப்பார்கள். அண்ணாச்சி ஃபோனில் ஈமெயில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வே, அந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் ரெண்டு கூட்டுதாங்களாம். சில்லர் ஒரு நூறு டன் கூடும்."

காற்றில் குளிர்கிற சில்லர் அது. ஒரு டன் குளிரூட்டலுக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோவாட் மின்சாரம். மனசுக்குள் பெருக்கினேன். 120 கிலோவாட். மெயின் பேனல், டீசல் ஜெனரேட்டர், மின்வாரியத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், அந்த 200 மில்லிமீட்டர் இடைவெளியில் போகிற டிரே.

"டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் போயாச்சு அண்ணாச்சி."

"எலெக்ட்ரிக்கல்தானவே," என்றார், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டே. "அட்ஜஸ்ட் பண்ணும்."